செல்லப்பிராணி எழுத்தில் காசு இருப்பது அளவு நாடாவில்

செல்லப்பிராணி வளர்ப்பைப் பற்றி எழுதிச் சம்பாதிக்கலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் நோயிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நாய்க்கு வயிற்றுப்போக்கு, பூனைக்கு வாந்தி, கிளிக்குச் சளி. தேடுகிறவர்கள் அதிகம், அதனால் வருமானமும் அதிகமாக வரும் என்று ஒரு கணக்கு. கணக்கின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிதான் உதைக்கிறது. நள்ளிரவில் நாய் வாந்தி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு போனைத் தட்டுகிறவர் எதையும் வாங்கும் மனநிலையில் இருக்க மாட்டார். பதில் கிடைத்ததும் போய்விடுவார். அந்தப் பதில் தப்பாக இருந்தால் ஓர் உயிர் போகும்.

காசு தரும் பக்கங்கள் வேறு. எந்த அளவு ஹார்னஸ் (நாயின் மார்பைச் சுற்றி மாட்டும் வார்), எத்தனை லிட்டர் தொட்டி, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீனி, கூண்டு எத்தனை சென்டிமீட்டர் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பக்கங்கள். வாங்கப்போவது உறுதி, எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம் என்று நிற்கிறவர் அங்கே வருகிறார். அளந்து காட்டினால் உங்கள் பக்கத்தில் உள்ள இணைப்பு வழியாகவே வாங்குவார், கடை உங்களுக்குக் கமிஷன் தரும். இதைத்தான் அஃபிலியேட் வருமானம் என்கிறார்கள். வாங்கியது சரியாகப் பொருந்தினால் அடுத்த முறையும் வருவார்.

ஹார்னஸ் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்

பல கடைகள் ஹார்னஸை எடையை வைத்து விற்கின்றன: இத்தனை கிலோவுக்கு ஸ்மால், இத்தனை கிலோவுக்கு மீடியம். 8 கிலோ டாஷ்ஹண்ட் நாயும் 8 கிலோ பக் நாயும் தராசில் ஒன்றுதான், உடம்பில் இல்லை. ஒன்று நீளம், மார்பு ஆழமாக இறங்கியிருக்கும். மற்றது குட்டை, பீப்பாய் போன்ற உடம்பு, தடித்த கழுத்து. எடையை மட்டும் பார்த்து வாங்கினால் இறுக்கமானது முன்னங்காலின் மடிப்பில் உரசிப் புண்ணாக்கும். தளர்ந்திருந்தால் நாய் இரண்டு அடி பின்னால் நகர்ந்தே தலையை உருவிக்கொண்டு தெருவில் ஓடிவிடும். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்புவார். பொருள் திரும்பினால் கமிஷனும் திரும்பிப் போகும். அஃபிலியேட் வருமானத்தில் புதியவர்கள் கவனிக்காத ஓட்டை இதுதான். விற்றதை எண்ணுகிறார்கள், திரும்பியதை எண்ணுவதில்லை.

எனவே பக்கத்தின் தலையில் வரவேண்டியது அளக்கும் முறை. பொருள் பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும். தையல்காரர் வைத்திருக்கும் துணி நாடா போதும், இல்லாவிட்டால் ஒரு கயிறும் ஸ்கேலும். நாய் நாலு காலில் நிற்கவேண்டும், உட்கார்ந்திருக்கும்போது அளந்தால் அளவு மாறும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே, விலா அகலமாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்று. கழுத்தின் அடியில், பட்டை படியும் இடத்தில் இன்னொரு சுற்று. முடி அடர்ந்த நாயானால் முடியை அமுக்கிக்கொண்டு அளக்கவேண்டும். மாட்டிய பிறகு வாருக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் படுக்கையாக நுழையவேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்து நின்றால் பெரியதை எடுத்து வாரை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

வளரும் குட்டிக்கு இப்போது வாங்குவது சில மாதத்தில் பத்தாமல் போகும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். விற்பனை கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம். இப்போதைக்கு மலிவானதை எடுப்பார், வளர்ந்த பிறகு நல்லதை வாங்க உங்கள் பக்கத்தையே தேடி வருவார்.

படங்கள் மூன்று போதும்: நாடா எங்கே விழுகிறது என்று பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, இரண்டு விரல் நுழைந்திருப்பது ஒன்று. 1200 பிக்சல் அகலத்தில், வெப்பி (WebP) என்ற படக் கோப்பு வடிவத்தில், 100 கிலோபைட்டுக்குள் வைத்தால் போனில் சட்டென்று திறக்கும். கருப்பு நாயின் மேல் கருப்பு ஹார்னஸை மாட்டிப் படம் எடுத்தால் ஒரு நிழல்தான் தெரியும், எனவே வெளிர் நிற நாயோ மஞ்சள் நாடாவோ தேவை. கடையின் படத்தைச் சுட்டுப் போடுவது உரிமைச் சிக்கல். அது கிடக்கட்டும், அந்தப் படம் வாசகருக்குப் புதிதாக எதையும் சொல்வதுமில்லை.

இதே அச்சில் வார்க்கக்கூடிய பக்கங்கள் நிறைய. விமானத்தில் கொண்டுபோகும் கூண்டுக்கு அயாட்டா (IATA) என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் முறை இருக்கிறது: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், அதோடு தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு கூண்டின் அகலம். நிற்கும்போது தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அதோடு விரிப்பின் தடிமனைக் கூட்டினால் உயரம். உடல் 60, கால் 20, தோள் 18, உயரம் 50 சென்டிமீட்டர் என்றால் உள்ளளவு 70 நீளம், 36 அகலம், 50-க்கு மேல் உயரம். கூண்டு விலை கூடிய பொருள், தவறான அளவு என்றால் பயணமே நின்றுபோகும். அதனால் வாசகர் ஒவ்வொரு வரியையும் படிப்பார்.

மீன் தொட்டியும் அப்படித்தான். 60 × 30 × 36 சென்டிமீட்டர் தொட்டியின் மூன்று அளவுகளையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 64.8 லிட்டர், மணலும் கல்லும் மேலே விடும் இடமும் போக உண்மையில் 55 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர். அதை வைத்துத்தான் ஹீட்டரும் ஃபில்டரும் தேர்ந்தெடுக்க வேண்டும். மீன் பக்கத்துக்கு இன்னொரு வசதி உண்டு. புதுத் தொட்டியில் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கினால் மீன் சாவது இதனால்தான். இதை வாரவாரியாக எழுதினால், குளோரின் நீக்கி, அமோனியா சோதனைக் கிட், பிறகு மீன், பிறகு செடி என்று வாசகர் ஆறு வாரமும் உங்கள் பக்கத்தோடு இருப்பார்.

தீனிக் கணக்கு

நிலையான வருமானம் என்றால் தீனிதான், ஏனென்றால் அது தீர்ந்துபோகிறது. ஆனால் "சிறந்த 10 நாய் உணவுகள்" வகைப் பட்டியலை எழுதிப் பயனில்லை. அந்த இடத்தில் பெரிய தளங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மூட்டையின் பின்னால் உள்ள அட்டவணை வாசகருக்குப் புரிவதில்லை, அதைப் புரியவைக்கும் பக்கத்துக்குத்தான் இடம் காலியாக இருக்கிறது.

கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரம் எளிது. எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்குத் தேவைப்படும் கிலோகலோரி. சாதாரணக் கால்குலேட்டரில் அடுக்குப் பொத்தான் இருக்காது. எடையை அதே எடையால் இரண்டு தடவை பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் அதே விடை வந்துவிடும். 10 கிலோ நாய்: 10 × 10 × 10 = 1000, முதல் அழுத்தலில் 31.6, இரண்டாவதில் 5.62. அதை 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 394. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6-ஆல் பெருக்கினால் 630 கிலோகலோரி. கருத்தடை செய்த பூனைக்கு அந்த எண் 1.2, 4 கிலோ பூனைக்கு 238 வரும்.

பிஸ்கட், மெல்லும் குச்சி எல்லாம் சேர்த்து 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆக நாய்க்கு 63 கழித்து 567. மூட்டையில் 100 கிராமுக்கு 360 கிலோகலோரி என்று போட்டிருந்தால் 567-ஐ 3.6-ஆல் வகுக்க, ஏறக்குறைய 158 கிராம். குண்டு நாய்க்கு இப்போதைய எடையைப் போடக்கூடாது, இருக்கவேண்டிய எடையைப் போடவேண்டும். நாய்க்கு நாய் தேவை மாறும் என்பதால் இது தொடக்கப் புள்ளிதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்துக் கூட்டிக் குறைக்கவேண்டும் என்ற வரியையும் விடக்கூடாது.

வருமானம் ஒளிந்திருப்பது இதற்கு அடுத்த வரியில். 3 கிலோ மூட்டையை 158-ஆல் வகுத்தால் 19 நாள். இதைச் சொல்லிவிட்டு, "14-ம் நாள் நினைவூட்டட்டுமா?" என்று மின்னஞ்சல் முகவரி கேளுங்கள். காரணம் இருக்கிறது. அமேசான் அஃபிலியேட் இணைப்பைச் சொடுக்கியவர் 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டால்தான் அது உங்கள் கணக்கில் வரும். கூடையில் போட்டபின் ஆர்டர் செய்ய 89 நாள் அவகாசம் உண்டு. முதல் மூட்டைக்குக் கமிஷன் கிடைக்கும், இரண்டாவது மூட்டைக்குக் கிடைக்காது. 14-ம் நாள் வரும் அஞ்சல் அவரை மறுபடி உங்கள் பக்கத்துக்கு அழைத்து வருகிறது. அஞ்சலுக்குள் அஃபிலியேட் இணைப்பை நேராக வைக்காமல் பக்கத்துக்கான இணைப்பை வைப்பது பாதுகாப்பு, ஏனென்றால் அஞ்சலில் வைப்பதற்கு ஒவ்வொரு திட்டத்திலும் விதி வேறு.

கணக்குத் தொடங்க அவசரப்படாதீர்கள். அமேசானில் சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். எனவே பத்துப் பதினைந்து அளவுப் பக்கங்கள் எழுதி ஆட்கள் வரத் தொடங்கியபின் சேர்வதே புத்திசாலித்தனம். விலையைக் கையால் தட்டச்சு செய்து போடக்கூடாது. விதியும் அனுமதிக்காது, மறுநாளே விலை மாறியும் போகும். சொந்த இணைப்பில் தானே வாங்கினால் கமிஷன் கிடையாது.

கமிஷன் வாங்குகிறீர்கள் என்பதை முதல் இணைப்புக்கு முன்பே ஒரு வரியில் எழுதுங்கள். பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒளித்து வைப்பதை யாரும் வெளிப்படைத்தன்மை என்று சொல்ல மாட்டார்கள். இணைப்பின் நிரலில் ரெல் (rel) என்ற குறியில் 'ஸ்பான்சர்ட்' (sponsored) என்று சேர்க்கவேண்டும். கூகுள் 2019-ல் கொண்டுவந்த குறி அது. இந்தக் குறி இல்லாமல் காசு வாங்கிய இணைப்புகளை நிரப்பினால் தேடலில் தளம் கீழே போகலாம். "உங்கள் தளத்தில் ஒரு கட்டுரை போடுகிறோம், ஓர் இணைப்பு மட்டும் வேண்டும்" என்று வரும் அஞ்சல்கள் எல்லாம் இந்த வலைதான். பல சமயம் செல்லப்பிராணிக்கும் அந்த இணைப்புக்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது.

நோய்ப் பக்கத்தை என்ன செய்வது?

எழுதலாம், ஆனால் அதில் காசு பார்க்கக்கூடாது என்பது என் கட்சி. விளம்பரத்தை அந்தப் பக்கத்தில் அணைத்துவிடுங்கள், அஃபிலியேட் இணைப்பு ஒன்றும் வேண்டாம். முதல் இரண்டு வரியில் என்ன ஆபத்து, எவ்வளவு நேரம் இருக்கிறது, உடனே யாரிடம் போகவேண்டும் என்று முடித்துவிடவேண்டும். சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கத்தை நாய் தின்றால் அரை மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரை விழத் தொடங்கலாம். அந்தப் பக்கத்தில் சூயிங்கத்தின் வரலாறு யாருக்கு வேண்டும்? லில்லிப் பூவின் மகரந்தமும், பூச்சாடித் தண்ணீரும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொல்லலாம். இவை ஒவ்வொன்றும் மூன்று வரி விஷயம்.

மருந்து அளவு எழுதவே கூடாது. எழுதத் தெரிந்தவரும் கூடாது, ஏனென்றால் எடை, வயது, கூடவே கொடுக்கும் வேறு மருந்து எதுவும் உங்களுக்குத் தெரியாது. மணிக்கணக்கில் கட்டணம் பேசி ஒரு கால்நடை மருத்துவரிடம் நோய்ப் பக்கங்களை மொத்தமாகக் கொடுத்துச் சரிபார்த்து, அவர் சம்மதத்தோடு பெயரையும் சரிபார்த்த தேதியையும் போடுவது நல்ல செலவு. உடல்நலம் தொட்ட பக்கங்களைக் கூகுள் கூடுதல் கறாரோடுதான் பார்க்கிறது.

விற்கும் பக்கத்திலும் விஷம் நுழையும் என்பதற்கு உண்ணிச் சொட்டு மருந்து நல்ல உதாரணம். நாய்க்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உண்டு. நாய் தாங்கும். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, நடுக்கமும் வலிப்பும் வந்து சாகலாம். "செல்லப்பிராணிகளுக்கான உண்ணி மருந்துகள்" என்று பொதுவாகத் தலைப்பு வைத்து அட்டவணை போட்டீர்களானால், பூனை வளர்ப்பவர் அந்த வரிசையில் மலிவானதைச் சொடுக்குவார். நாய்க்கு ஒரு பக்கம், பூனைக்கு ஒரு பக்கம், நாய்ப் பக்கத்தின் முதல் வரியிலேயே "வீட்டில் பூனை இருந்தால் இது வேண்டாம்" என்ற எச்சரிக்கை. நாய் முதுகில் ஈரமாக இருக்கும் மருந்தைப் பூனை நக்கினாலும், ஒட்டிப் படுத்தாலும் ஆபத்து என்பதையும் சேர்க்கவேண்டும்.

விளம்பரம்

கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் பின் எண் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும், அதுவும் அடுத்த மாதம் 21-க்கும் 26-க்கும் இடையில். ஆயிரம் பார்வைக்கு 2 டாலர் என்று வைத்துக்கொண்டால் 30,000 பார்வைக்கு 60 டாலர், அந்த மாதம் கைக்கு ஒன்றும் வராது. புதுத் தளம் இதை நம்பி உட்காரக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

தானியங்கி விளம்பரத்தை அப்படியே விட்டால் கிராம் அட்டவணையின் நடுவில் வந்து உட்காரும். அட்டவணை உள்ள பகுதியில் அதை விலக்கி வைக்கவேண்டும். தடுப்புப் பட்டியலுக்குப் போய், நாய்க்குட்டி விற்பனைத் தளங்களையும், மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து தருவதாகச் சொல்லும் விளம்பரங்களையும் நிறுத்துங்கள். தத்தெடுக்கச் சொல்லும் கட்டுரையின் பக்கத்திலேயே குட்டி விற்பனை விளம்பரம் ஓடினால் வாசகர் சிரிப்பார்.

பொருள் அனுப்பும் நிறுவனங்கள்

தளம் கொஞ்சம் தெரிய ஆரம்பித்ததும் இலவச மூட்டைகள் வரும். மூன்று நாளில் விமர்சனம் கேட்பார்கள். முடியாது என்று சொல்லப் பழகவேண்டும். தீனி மாற்றவே 7 முதல் 10 நாள் ஆகும்: பழையதில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால், பிறகு முழுவதும். அவசரமாக மாற்றினால் நாய்க்கு வயிறு கெடும், நீங்களோ தீனியைக் குறை சொல்லி எழுதுவீர்கள். மாறியபின் குறைந்தது மூன்று நான்கு வாரம் மலம், எடை, அரிப்பு மூன்றையும் தேதி போட்டுக் குறித்தால்தான் அது விமர்சனம். நாய் தட்டை நக்கியது என்பது ருசிக்கு அத்தாட்சி, சத்துக்கு இல்லை.

ஒப்பந்தத்தில் பணத்தைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியது பிரத்தியேக உரிமைப் பிரிவு. "ஆறு மாதத்துக்குப் போட்டி நிறுவனத்தைப் பற்றி எழுதக்கூடாது" என்ற வரி உள்ளே இருந்தால், தீனிப் பக்கங்களின் வருமானம் முழுவதும் அந்த ஆறு மாதம் முடங்கும். அதற்குத் தனிக் கட்டணம் கேளுங்கள், அல்லது வெட்டுங்கள். படங்களை அவர்கள் எங்கே, எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். பாதிப் பணம் முன்னாலே. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதும் உரிமை உங்களுக்கு, தகவல் பிழை இருந்தால் மட்டும் திருத்தம் கேட்கும் உரிமை அவர்களுக்கு.

கமிஷனும் இல்லாமல், யாருக்கும் கட்டுப்படாமல் விற்கக்கூடியது உங்கள் சொந்தத் தாள்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் ஒப்படைக்கும் ஒரு பக்கக் குறிப்பு: தீனி கிராம், நேரம், மருந்து, பயப்படும் சத்தம், ஒளிந்துகொள்ளும் இடம், மருத்துவர் எண், அவசரத்தில் எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற அனுமதி. கடைசி வரியை யாரும் நினைப்பதில்லை, சிக்கல் வந்தால் முதலில் தேடுவது அதைத்தான். தடுப்பூசி, குடற்புழு மருந்து தேதிகளுக்கான அட்டவணையையும் சேர்த்து பிடிஎஃப்பாகக் கொடுத்தால் ஒருமுறை செய்த வேலை பல வருடம் ஓடும்.

எழுதியபின்

"பூனைக்குப் பால் கொடுக்கலாமா" போன்ற ஒரு வரிக் கேள்விகளுக்குத் தேடல் பக்கமே பதில் சொல்லிவிடுகிறது. கூகுள் 2024-ல் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தை மேலே வைக்க ஆரம்பித்தபின் அந்த வகைப் பக்கங்களை நம்பி உட்காருவதில் அர்த்தமில்லை. எடையைப் போட்டால் கிராம் சொல்லும் சிறு கணிப்பான், நாடா வைத்து எடுத்த படம், ஆறு வாரத் தொட்டிக் குறிப்பு இவற்றை அந்தச் சுருக்கத்தில் அடைக்க முடியாது.

மாதம் ஒருநாள் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். தேடலில் உங்கள் பக்கங்கள் எத்தனையாவது இடத்தில் வருகின்றன என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில், 8 முதல் 20-ம் இடத்துக்குள் நிற்கும் பக்கங்களை எடுத்து, அதில் எந்தச் சொல்லுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று பார்த்து அந்தக் கேள்விக்கான பதிலை மேலே ஏற்றுங்கள். புதுக் கட்டுரை எழுதுவதைவிட இது சீக்கிரம் பலன் தரும். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் கையால் சொடுக்கிப் பார்க்கவேண்டும். தீர்ந்துபோன பொருள், மாறிய அளவு அட்டவணை, பெயர் ஒன்றாக இருந்தும் சேர்மானம் மாறிய தீனி மூன்றும் அடிக்கடி கண்ணில் படும். மூட்டையில் 360 என்று இருந்தது 385 ஆகியிருந்தால் உங்கள் 158 கிராம் இனி 147. பழைய எண்ணை நம்பிப் போடுகிறவரின் நாய் மெல்ல மெல்லக் குண்டாகும், அவருக்குக் காரணமும் தெரியாது. எண்ணைத் திருத்திவிட்டு, திருத்திய தேதியைப் பக்கத்தின் மேலே போடுங்கள்.